பள்ளிச் சுவரில் யாருடைய முகம் வரலாம்? மதுரைக்காரர்கள் கருத்துச் சொல்லுங்கள்

மாசிவீதி (இழையைத் தொடங்கியவர்) | சனி, இரவு 9.12

வணக்கம். எங்கள் பகுதி அரசுப் பள்ளியின் வெளிச்சுவரைப் புதிதாகக் கட்டிப் பூசிவிட்டார்கள். மெயின் ரோட்டைப் பார்த்த சுவர், நல்ல நீளம். சும்மா விட்டால் போஸ்டர் ஏறிவிடும் என்பதால் படம் வரையலாம் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினோம். நானும் அதில் ஓர் உறுப்பினர். செலவை அந்தப் பகுதிக்காரர் ஒருவர் ஏற்றுக்கொண்டார்.

அப்புறம் மாதிரிப் படம் வந்தது. மீனாட்சி கோயில் கோபுரம், சீறும் காளை, மகால் தூண், மல்லிகைப்பூ, ஆற்றில் இறங்கும் அழகர். கடைசியில், கேட்டுக்குப் பக்கத்தில், செலவு ஏற்றவர் கும்பிட்ட கையோடு நிற்கிறார். அவருக்கு மேலே அவருடைய கட்சித் தலைவர்.

கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். ஒரு தரப்பார் அந்த முகம் வந்தால் எங்கள் தலைவர் முகமும் வரவேண்டும் என்றார்கள். அடுத்த தரப்பார் எழுந்து வேறு பெயர் சொன்னார்கள். தலைமையாசிரியர் பயந்துபோய், யார் முகமும் வேண்டாம், பூவும் மரமும் போதும் என்கிறார். எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை. தினமும் எத்தனையோ பிள்ளைகள் பார்த்துக்கொண்டு உள்ளே போகப்போகிற சுவர் இது. யாரை வரைவது, அதை யார் முடிவு செய்வது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

தூரிகை_தல்லாகுளம் | சனி, இரவு 10.40

அண்ணே, நான் சுவர் வரைகிறவன். நீங்கள் சொன்ன அந்த மாதிரிப் படம் எங்கள் தொழிலில் எல்லோர் போனிலும் இருக்கும். கோபுரம், காளை, மல்லிகை, மகால். 2017-ல் தமுக்கத்தில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்த பிறகு காளை கேட்காத வாடிக்கையாளரை நான் பார்த்ததே இல்லை. பாலத்துத் தூண், அலுவலகச் சுவர், பூங்கா என்று எங்கும் அதுதான். யாரும் ஆட்சேபம் சொல்லாத படத்துக்குப் பணம் சீக்கிரம் கைக்கு வரும். அதனால்தான் அதையே வரைகிறோம்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியம். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் தேர்தலுக்கு வெகு முன்பே சுவர் பிடிக்கப் போவோம். சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சிப் பெயரையும் எந்த வருஷம் வரை என்பதையும் எழுதிவிட்டால் அந்தச் சுவர் அவர்களுடையது. வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதியவர்களும் உண்டு, கேட்காமல் எழுதியவர்களும் உண்டு. பொது இடங்களை அலங்கோலப்படுத்தக் கூடாது என்று 1959-லேயே சட்டம் வந்தாயிற்று. அப்படியும் ஒருவர் கேட்காமல் எழுதினார் என்றால், அவருக்கு அந்தத் தெருவில் எவ்வளவு பலம் என்பது அந்த மூலை எழுத்திலேயே தெரிந்துவிடும். உள்ளே என்ன படம் வரப்போகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே யாரை வரைவது என்று பேசுவதற்கு முன், யாரையெல்லாம் கேட்டீர்கள் என்று பாருங்கள். பிள்ளைகளைக் கேட்டீர்களா? சத்துணவு சமைக்கும் அக்காவைக் கேட்டீர்களா?

பொற்றாமரைப்_படி | ஞாயிறு, காலை 6.55

செலவு செய்தவர் தன் உருவத்தை வைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். திருமலை நாயக்கர் கட்டியது. நடுத் தூண்களில் அவர் உட்படப் பத்து நாயக்கர்கள் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். திருமலைக்குத் தொந்தி, இடுப்பில் கத்தி, பக்கத்தில் தேவியர். சிற்பி அவரை ஒல்லியாக்கி அழகு பார்க்கவில்லை. பார்த்ததும் இன்னார் என்று தெரியவேண்டும் என்று செதுக்கியிருக்கிறார். பல தலைமுறை மதுரைக்காரர்களுக்கு அந்த ராஜாக்கள் தையல் மெஷினுக்கும் புத்தகக் கட்டுக்கும் பின்னால் நின்றவர்கள். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன பிறகுதான் பலர் முழு உருவத்தையும் பார்த்தோம்.

கோயிலுக்குள் இருக்கிற ஆயிரங்கால் மண்டபமும் அப்படித்தான். 1569-ல் அரியநாத முதலியார் கட்டினார். வாசலிலேயே குதிரை மேல் அமர்ந்திருக்கிறார். அவர் ராஜாவல்ல, தளவாய், அதாவது படைத்தலைவர். ஆனாலும் உள்ளே நுழைகிற யாரும் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். புதுமண்டபத்து நாயக்கர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். வசந்த உற்சவத்தில் சுவாமி எழுந்தருளும் மேடையை ஒட்டி நிற்கிற பக்தர்கள் அவர்கள். உற்சவம் நடக்கும் ஒவ்வொரு வருஷமும் சாமிக்குப் பக்கத்தில் நிற்கிற உரிமையைக் கல்லில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இதைவிடப் பெரிய அதிகாரம் எது? அந்தப் பணிவைப் பொய் என்று நான் சொல்லவில்லை. பணிவும் அதிகாரமும் ஒரே உருவத்தில் நிற்கின்றன என்கிறேன். உங்கள் நன்கொடையாளரின் கும்பிட்ட கையும் அந்த வழியில் வந்ததுதான்.

வேறு வழியும் இதே ஊரில் இருந்தது. கீழக்குயில்குடி சமணர்மலையில் பேச்சிப்பள்ளத்துக்கு ஏறிப் போனால் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையவை. பலவற்றின் கீழே யார் செய்வித்தது என்று வட்டெழுத்து என்கிற பழைய எழுத்தில் ஒரு வரி. ஒன்றில் அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று இருக்கிறது. குணமதியார் எப்படி இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. பெயரும் உறவும் மட்டும் நிற்கின்றன. உங்கள் பள்ளிச் சுவருக்கு இந்த முறையைச் சொல்லிப் பாருங்கள்: செலவு செய்தவருக்கு, படத்துக்குக் கீழே ஒரு வரி.

பிளக்ஸ்_டிசைனர் | ஞாயிறு, காலை 11.20

ஐயா சொன்ன வரிசை முறை இன்றைக்கு எங்கள் கடையில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பேனருக்கு ஆர்டர் வந்தால் படத்தைவிட முதலில் பெயர்ப் பட்டியல்தான் வரும். மேலே வட்டத்துக்குள் மறைந்த தலைவர்கள். அவர்கள் எல்லோரும் ஒரே அளவில் இருக்கவேண்டும், ஒருவர் கொஞ்சம் பெரிதானாலும் போன் வந்துவிடும். அதற்குக் கீழே இப்போதைய தலைவர், நடந்து வருகிற மாதிரி. அப்புறம் மாவட்டம், அப்புறம் பகுதி, அப்புறம் வட்டம். அடியில் பாஸ்போர்ட் அளவில் பணம் போட்டவர்கள். முழுப் பணமும் போட்டது அந்த அடி வரிசைதான். அவர்கள் படம் சின்னது, ஆனால் தெருவில் நிற்கிறவர் கண்மட்டத்துக்கு அதுதான் வரும்.

ஒரு முறை பகுதிப் பொறுப்பாளர் ஒருவருடைய தலை, அவருக்கு மேல் இருக்கிறவரின் தோளைத் தொட்டுவிட்டது. பிரிண்ட் ஆகி வந்த பேனரை அப்படியே சுருட்டி மூலையில் போட்டுவிட்டு மறுபடி அடித்தோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணன் பார்த்தால் என்ன நினைப்பார்?" ரோட்டில் போகிற ஆயிரம் பேர் என்ன நினைப்பார்கள் என்ற கேள்வி அந்தக் கடையில் எழுந்ததே இல்லை.

2019-ல் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்ததும் ஊரே கொதித்தது. கொஞ்ச நாள் ஆர்டர் குறைந்தது. அப்புறம் பழையபடி ஆனது. பேனர் மேலிடத்துக்குப் போடுகிற விண்ணப்பம். விண்ணப்பம் போட வேறு வழி இல்லாதவரை அது நிற்காது. உங்கள் பள்ளிச் சுவரை இந்த வரிசைக்குள் விட்டுவிடாதீர்கள் அண்ணே. ஒரு முகம் ஏறினால் அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும்.

மேலூர்_தெற்கு | ஞாயிறு, மதியம் 2.05

எல்லாம் படித்தேன். முகமே வேண்டாம் என்ற பக்கம் பேச்சு சாய்வதால் எழுதுகிறேன்.

முகம் வேண்டாம் என்று யாரால் சுலபமாகச் சொல்ல முடிகிறது? நானூறு வருஷமாகக் கல்லில் நிற்கிறவர்களின் ஊரில், நாங்கள் ஒரு சிலை வைக்க இடம் கேட்டால் மட்டும் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற பேச்சு வருகிறது. 1939 ஜூலை 8-ஆம் தேதி அ. வைத்தியநாத ஐயர் முன்னின்று, அதுவரை தடுக்கப்பட்டிருந்த கக்கன் உள்ளிட்டவர்கள் மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். அதற்கு முன்பு அந்தக் குதிரைவீரரையும் கைகூப்பிய நாயக்கர்களையும் எங்கள் பாட்டன் பூட்டன் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. கோயில் கலை எல்லோருக்கும் பொது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. பொதுவாகி இன்னும் நூறு வருஷம் ஆகவில்லை.

அம்பேத்கர் சிலையைப் பாருங்கள். கோட்டு, சூட்டு, கையில் அரசியல் சட்டம், நீட்டிய விரல். சிலை செய்கிறவர்கள் நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு இதே அச்சில் செய்து தருகிறார்கள், கலைநயம் இல்லை என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அந்தக் கோட்டில்தான் விஷயம் இருக்கிறது. மேலே துண்டு போடக்கூடாது, செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட தெருவின் முனையில், முழுக்கால்சட்டையும் ஷூவும் போட்டு ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார். எங்கள் சிறுவன் பள்ளிக்கூடம் போகும்போது அவரைப் பார்த்துவிட்டுப் போகிறான். எத்தனை ஊரில் அவரைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்! சிலையைக் காப்பாற்ற என்கிறார்கள். யாரிடமிருந்து என்று கேட்டால் பதில் வராது.

எங்கள் பக்கத்து மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று, ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பிரதிநிதியாக நின்றதற்குக் கிடைத்த தண்டனை அது. அவர்கள் நினைவிடத்துக்கு விடுதலைக் களம் என்று பெயர். வருஷா வருஷம் அந்த நாளில் கூடுகிறோம். அங்கே பெயர் ஒரு வரி போதும், உருவம் எதற்கு என்று யாராவது சொல்வார்களா?

அதனால் மாசிவீதி ஐயா, பூவும் மரமும் வரைந்தால் சண்டை நின்றுவிடும், உண்மை. யாருக்குச் சுவர் வேண்டுமோ அவர்களுக்கு எதுவும் கிடைக்காமலே நின்றுவிடும். நன்கொடையாளர் முகத்தையும் வரலாற்று மனிதர் முகத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

வடக்குவெளி | ஞாயிறு, மாலை 4.30

மேலூர்த் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவன். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்.

அதே 1997-ல்தான் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் வைத்திருந்த தலைவர் பெயர்கள் எல்லாவற்றையும் அரசு எடுத்தது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் வந்ததும் தென்மாவட்டங்களில் கலவரம். ஒரு பெயரைச் சிலர் ஏற்க மறுத்தார்கள் என்பதற்காக எல்லாப் பெயரும் போயிற்று. நம் ஊர்ப் பஸ்ஸில் இருந்த பாண்டியன் பெயரும் சேர்ந்து போனது. சாலையில் புதிய சிலை கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உத்தரவு போட்டது. நெருக்கடி வந்தால் அரசு எப்போதும் எல்லாவற்றையும் ஒன்றாகத் துடைக்கும். யாருக்கு நியாயம் என்று பார்த்துத் துடைக்காது. பள்ளியிலும் அதே நடக்கும். பிரச்சினை பெரிதானால் மேலிருந்து ஒரு உத்தரவு வரும், சுவர் மொத்தமும் மஞ்சள் பூசப்படும்.

இன்னொன்று. விளக்குத்தூண் யாருக்காக நிறுத்தியது என்று இன்றைக்குக் கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள். கோட்டைச் சுவரை இடித்து வெளிவீதிகளை உண்டாக்கிய கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நிறுத்தியது. அவர் பெயர் யார் வாயிலும் இல்லை. ஊருக்கு விளக்குத்தூண் வேண்டியிருந்தது, அதை வைத்துக்கொண்டது.

மேலூர்_தெற்கு | ஞாயிறு, மாலை 4.52

ஐயா, துடைத்துவிடுவார்கள் என்று பயந்து எழுதாமலே இருந்தால், துடைக்கிறவருக்கு அந்த வேலையும் மிச்சம். பிளாக்பர்ன் பெயர் மறந்ததால் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அவர் போட்ட வீதிகள் இருக்கின்றன.

எட்டாம்வகுப்பு_டீச்சர் | ஞாயிறு, இரவு 8.15

நான் வேறொரு அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். யாரும் இன்னும் பேசாத ஒன்று நிறம்.

சாதிவெறியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக்கூடாது என்று 2024-ல் பரிந்துரைத்தது நினைவிருக்கும். எந்த இரண்டு நிறம் சேர்ந்தால் எந்தச் சாதி என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். பெரியவர்களைவிட நன்றாகத் தெரியும். சுவரோவியத்துக்குப் பார்டர் பட்டை அடிக்கும்போது பெயின்டர் அறியாமல் ஒரு ஜோடி நிறத்தைப் போட்டுவிட்டால், உள்ளே காந்தியை வரைந்தாலும் அந்தப் பட்டையைத்தான் பிள்ளைகள் படிப்பார்கள். மாதிரிப் படத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் வண்ணத்தில் ஒரு முறை பாருங்கள், ஒன்பதாவது பத்தாவது படிக்கிற நாலைந்து பிள்ளைகளிடம் தனித்தனியாகக் காட்டிக் கேளுங்கள்.

அப்புறம், இத்தனை பேர் பேசியதில் பெயரோடு வந்த பெண் குணமதியார் ஒருவர்தான். அவருக்கும் முகம் இல்லை. மீனாட்சி ஆளுகிற ஊர் இது. பொற்றாமரைக் குளக்கரை ஊஞ்சல் மண்டபத்தில் நிமிர்ந்து விதானத்தைப் பாருங்கள். மீனாட்சியின் பட்டாபிஷேகத்தில் ராணி மங்கம்மாள் செங்கோல் வாங்குகிற காட்சி வரைந்திருக்கிறது. பேரனுக்காக ஆட்சி நடத்திய கைம்பெண் அவர். 2024-ல் கைம்பெண் செங்கோல் வாங்கக்கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒருவர் வழக்குப் போட்டார், தள்ளுபடி ஆனது. அதற்கான பதில் முந்நூறு வருஷமாகக் கோயிலுக்குள்ளேயே நம் தலைக்கு மேலே இருந்திருக்கிறது. படிக்கிற பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதைக் காட்டியிருக்கிறோம்? என் ஓட்டு மங்கம்மாளுக்கு. மங்கம்மாள் சாலை என்று பெயரைச் சொல்கிறோம், அந்த அம்மாள் எப்படி இருந்தார் என்று தெரியாது.

கட்டடக்கலை_மாணவி | ஞாயிறு, இரவு 9.40

டீச்சர் சொன்னதோடு சேர்த்து ஒரு யோசனை. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தபோது போய்வந்தோம். கட்டடம் செட்டிநாட்டுப் பாணி. அழகாகத்தான் இருக்கிறது, முற்றத்துக் காற்றும் சுகம். ஆனால் உள்ளே இருப்பவை இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துப் பொருட்கள். வெளியே இருப்பது நூறு வருஷத்துக்கு முந்தைய வணிகர்களின் மாளிகை வடிவம். தமிழர் கட்டடம் என்று அரசு ஒன்றைக் காட்ட நினைத்ததும், வசதி படைத்தவர்களின் வீட்டைத்தான் எடுத்துக்கொண்டது. எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. வேறு எந்த வடிவம் நிலைத்து நின்றிருக்கிறது, மண்வீடு கரைந்துதானே போகும் என்று சிலர் கேட்டார்கள். அதுவும் சரிதான். நிலைத்த வீட்டுக்காரர்தான் அடையாளமாகவும் நிலைக்கிறார்.

ஆனால் உள்ளே கண்ணாடிப் பெட்டியில் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை. தாயக்கட்டை, தக்களி, சில்லு. பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று கீறின பெயர்கள். எழுத்து நேர்க்கோட்டில் இல்லை, ஒன்று பெரிதும் ஒன்று சின்னதுமாக இருக்கிறது. என் பானை இது என்று ஒருவர் தன் கையால் எழுதியிருக்கிறார். உங்கள் பள்ளிச் சுவரின் கீழ்ப்பகுதி முழுக்க, பிள்ளைகள் எட்டுகிற உயரம் வரை, அவரவர் பெயரை அவரவர் கையெழுத்திலேயே எழுதவிடலாமா? இனிஷியல் போதும், வேறு பட்டம் எதுவும் கூடாது.

அழகர்கோயில்_வழி | திங்கள், காலை 7.10

எங்கள் பதினெட்டாம்படிக் கருப்புக்கு உருவமே இல்லை. சாத்திய கதவு, அதற்குச் சந்தனக் காப்பு, முன்னால் அரிவாள். பஞ்சாயத்தில் பொய் சொல்லத் துணிகிறவர்கள் அந்தக் கதவுக்கு முன்னால் சத்தியம் பண்ணப் பயப்படுகிறார்கள். உருவம் இருந்தால்தான் அதிகாரம் என்றில்லை. இங்கே பேசியதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாசிவீதி | புதன், இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் கூட்டத்தில் இந்த இழையை அச்சடித்துக் கொண்டுபோய்ப் படித்தேன். முடிவானதைச் சொல்கிறேன், முடியாததையும் சொல்கிறேன்.

உயிரோடு இருக்கிற யாருடைய முகமும் வராது. செலவு செய்தவருக்குக் கேட்டுக்குப் பக்கத்தில் கல்லில் ஒரு வரி. அவருக்கு மனவருத்தம்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனார். பணம் வராமல் போனாலும் பெற்றோர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பகுதியையாவது வரைவது என்று எட்டுப்பேர் கைதூக்கினார்கள்.

நடுவில் 1939 காட்சி வருகிறது. ஒரு தனி மனிதராக வேண்டாம், உள்ளே நுழைகிற எல்லோரும் ஒரே உயரத்தில் நடந்து வரவேண்டும் என்று ஒரு தாய் சொன்னார், அவர் பூ கட்டுகிறவர். அது எல்லோருக்கும் பிடித்தது. வலதுபக்கம் செங்கோலோடு மங்கம்மாள். கீழ்வரிசை பிள்ளைகளின் கையெழுத்து. காளை வேண்டும் என்று பையன்கள் ஒரே குரலில் கேட்டார்கள், காளைக்கும் இடம் உண்டு.

அம்பேத்கர் விஷயத்தில் முடிவு வரவில்லை. ஒரு தரப்பார் அப்படியானால் எங்கள் தலைவரும் என்று நிற்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு மேலூர்த் தம்பி வந்து பேச முடியுமா? இங்கே எழுதியதை அங்கே வாயால் சொன்னால் எடுபடும் என்று நினைக்கிறேன்.

மேலூர்_தெற்கு | புதன், இரவு 10.05

வருகிறேன் ஐயா. நாள் சொல்லுங்கள்.

தூரிகை_தல்லாகுளம் | புதன், இரவு 10.30

அண்ணே, வேலை பற்றி. புதுப்பூச்சு என்றால் சுவர் நன்றாகக் காயவேண்டும், ஈரத்தோடு அடித்தால் உப்புப் பூத்து மங்கம்மாள் முகம் ஒரு மழையில் உரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், தை பிறந்ததும் தொடங்கலாம். பிரைமர் ஒரு கோட், அதன் மேல் வெளிச்சுவருக்கான எமல்ஷன். பார்டருக்கு டீச்சர் சொன்னபடி ஒரே நிறம், செங்காவி. 1939 காட்சியைக் காகிதத்தில் கட்டம் போட்டு முதலில் வரைந்து தருகிறேன், அதைப் பள்ளி வராந்தாவில் ஒரு வாரம் ஒட்டிவையுங்கள், பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். நடந்து வருகிறவர்கள் ஒரே உயரம் என்றால் சுவரின் உயரம் எனக்குச் சரியாகத் தெரியவேண்டும். சனிக்கிழமை டேப்போடு வருகிறேன், கேட்டைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள்.